காவிரிப் படுகையில் நன்னீர்ச் சிங்கி இறால் இயற்கையாக உண்டா?

கேள்வி: வெட்டாற்றங்கரை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் கற்பிக்கிறேன். ஆற்றில் தண்ணீர் வடியும் நாட்களில் வலையில் சிக்கியவற்றை மாணவர்கள் வகுப்புக்குக் கொண்டுவருவது எங்கள் பள்ளியில் வழக்கம். அண்மையில் ஒரு மாணவி கொண்டுவந்த பெரிய இறாலுக்கு உடலைவிட நீளமான நீலக் கொடுக்குகள் இருந்தன. கைப்பேசியில் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த அவளுடைய தோழிகள், அது கிரேஃபிஷ் எனப்படும் நன்னீர்ச் சிங்கி இறால் என்று உறுதியாகச் சொன்னார்கள். அது நம் ஆற்று இறால்தான் என்று விளக்கினேன். ஆனால் அதைத் தொடர்ந்து அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு அரைகுறையாக விடை சொல்ல எனக்கு மனமில்லை.

அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, மடகாஸ்கர் ஆகிய இடங்களில் எல்லாம் இந்த உயிரினம் இருக்கும்போது இந்திய வரைபடம் மட்டும் ஏன் வெறுமையாக இருக்கிறது? நாம் சரியாகத் தேடவில்லையா, அல்லது உண்மையிலேயே இங்கே இல்லையா? மடகாஸ்கரும் இந்தியாவும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்தவை என்று பாடத்தில் படிக்கிறோமே, அப்படியானால் அங்கே இருப்பது இங்கே ஏன் இல்லை? இந்தக் காலத்திலும் புதிய சிங்கி இறால் இனங்கள் கண்டுபிடிக்கப்படுகின்றன என்கிறார்களே, அவற்றை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் வகுப்பில் அப்படியே வாசித்துக் காட்டுவேன்.

மறுமொழி: கொள்ளிடத்துக்காரன்

ஆசிரியர் அம்மா அவர்களுக்கு வணக்கம். மீன்வளத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். முதலில் அடையாளத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஆற்று இறாலுக்கு முன்னால் உள்ள இரண்டு இணைக் கால்களில் மட்டுமே கொடுக்கு உண்டு, அவற்றில் நீண்டு வளர்வது இரண்டாவது இணை. சிங்கி இறாலுக்கு முன் மூன்று இணைக் கால்களிலும் கொடுக்கு உண்டு, பெருத்துத் தடித்திருப்பது முதல் இணை. அடுத்து, வால் பகுதியைப் பக்கவாட்டில் பார்க்கச் சொல்லுங்கள். இறாலின் இரண்டாம் வளையத்து ஓடு தனக்கு முன்னும் பின்னும் உள்ள வளையங்களின் மேல் படிந்திருக்கும். சிங்கி இறாலில் அது முதல் வளையத்தின் மேல் படிவதில்லை. இந்த இரண்டையும் பார்த்துவிட்டால் நிறத்தையோ அளவையோ நம்ப வேண்டிய தேவை இருக்காது.

நாம் தேடவில்லை என்று சொல்வதற்கு இடமில்லை. காவிரிப் படுகை விலங்கியலாளர்களின் கண்ணில் படாத மூலை அன்று. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் இருந்த காலத்தில், அங்கே பணியாற்றிய டால்டார்ஃப் என்னும் அதிகாரி கீழைக் கடற்பகுதியிலிருந்து நண்டு, இறால் வகைகளைத் திரட்டினார். அவற்றைக் கொண்டு டேனிஷ் விலங்கியல் அறிஞர் ஃபாப்ரிசியஸ் 1798-இல் பல இனங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டினார். (பனையில் ஏறும் மீனைத் தரங்கம்பாடியில் கண்டு, அதைப் பற்றி லண்டன் லின்னேயன் சங்கத்துக்கு எழுதியவரும் இதே டால்டார்ஃப்தான், நம் பனையேறிக் கெண்டை உலகப் புகழ் பெற்றது அப்படித்தான்.) 1916-இல் இந்திய விலங்கியல் ஆய்வகம் தொடங்கப்பட்டது முதல் ஆறு, ஏரி, மலையோடை என்று தொடர்ந்து ஆய்வு நடந்துவருகிறது. நன்னீர் நண்டுகளில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் இந்தியாவில் பதிவாகியுள்ளன. இத்தனை பேர் இத்தனை காலம் தேடியும் இந்த மண்ணுக்கு உரிய சிங்கி இறால் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆகவே இது உண்மையான இன்மை என்றே கொள்ள வேண்டும்.

இனிப் பரவலுக்கு வருகிறேன். உலகில் இதுவரை பெயரிடப்பட்ட நன்னீர்ச் சிங்கி இறால் இனங்கள் ஏறத்தாழ 700. அவற்றில் 400-க்கும் மேற்பட்டவை வட அமெரிக்காவில், அதிலும் டென்னசி, அலபாமா போன்ற தென்கிழக்கு மாநிலங்களின் ஓடைகளில் வாழ்கின்றன. இரண்டாவது பெருந்தொகுதி ஆஸ்திரேலியாவில் உள்ளது. டாஸ்மேனியாவின் ஓடைகளில் வாழும் ஓர் இனம் முற்காலத்தில் 6 கிலோ எடை வரை வளர்ந்ததாகப் பதிவுகள் உண்டு. முதுகெலும்பற்ற நன்னீர் உயிர்களில் உலகிலேயே பெரியது அதுதான். நியூசிலாந்தில் இரண்டு இனங்கள், மடகாஸ்கரின் கிழக்கு மலைப்பகுதிகளில் ஏழு இனங்கள், தென் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சில இனங்கள், கிழக்கு ஆசியாவில் ஆமூர் ஆற்றுப்படுகை, கொரியா, வட ஜப்பான் ஆகிய இடங்களில் மிகச் சில. வட கோளத்தில் உள்ளவை ஒரு பெருங்குடும்ப வரிசை, தென் கோளத்தில் உள்ளவை மற்றொன்று. பழைய பெருங்கண்டம் வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிந்தபோது இவற்றின் வழியும் பிரிந்தது என்பதே பரவலாக ஏற்கப்படும் கருத்து. இரண்டுக்கும் நடுவே ஆப்பிரிக்கப் பெருநிலமும் இந்தியாவும் தென்கிழக்கு ஆசியாவின் பெரும்பகுதியும் சிங்கி இறால் இல்லாமல் கிடக்கின்றன.

இந்த வரைபடத்தைப் புரிந்துகொள்ள இவற்றின் பிள்ளைப்பேறு தெரிய வேண்டும். நம் கொள்ளிடத்து ஆற்று இறாலின் முட்டையிலிருந்து வெளிவரும் நுண்ணிய இளவுயிரி உவர்நீரில்தான் வளரும். அதனால்தான் சினை இறால் கழிமுகத்தை நோக்கி இறங்குகிறது, பிறகு அதன் குஞ்சுகள் நீரோட்டத்தை எதிர்த்து மேலே ஏறி வருகின்றன. கடலோடு இத்தகைய உறவு உள்ள இனங்களால் கடலோரமாகவே ஓர் ஆற்றிலிருந்து மற்றோர் ஆற்றுக்குப் போக முடிகிறது. சிங்கி இறாலுக்கு மிதக்கும் இளவுயிரிப் பருவமே இல்லை. முட்டையிலிருந்து வெளிவருவது தாயின் சிறிய உருவமாகவே வந்து, அவளுடைய வயிற்றடிக் கால்களைப் பற்றிக்கொண்டு, சட்டை உரித்துச் சற்று வளர்ந்த பின்னரே பிரிகிறது. கடல் அவற்றுக்கு மதில். நிலம் எங்கெல்லாம் தொடர்ந்திருந்ததோ அங்கெல்லாம் போயிருக்கின்றன, நிலம் அறுந்த இடத்தில் நின்றுவிட்டன. ஆஸ்திரேலியாவின் ஒரு பேரினம் நியூகினியிலும் அதை ஒட்டிய ஆரு, மிசூல் தீவுகளிலும் வாழ்கிறது. பனியுகத்தில் கடல்மட்டம் நூறு மீட்டருக்கும் மேலாகத் தாழ்ந்திருந்தபோது இவை அனைத்தும் ஒரே நிலம்.

மடகாஸ்கர் பற்றிய கேள்விதான் கடினமானது. இந்தியா மடகாஸ்கரிலிருந்து பிரிந்தது ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன். சிங்கி இறால்களோ அதற்கும் முந்தியவை. ஆஸ்திரேலியாவில் 10 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறைகளிலேயே அவற்றின் புதைபடிவமும் வளைகளும் கிடைத்துள்ளன. ஆகவே நம் நிலத்துண்டிலும் ஒரு காலத்தில் அவை வாழ்ந்து, பின்னர் அழிந்திருக்கலாம் என்று ஒரு சாரார் கருதுகின்றனர். நிலநடுக்கோட்டைக் கடந்து வடக்கே நகர்ந்த பயணத்தில் ஏற்பட்ட வெப்ப மாற்றமும், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தை மூடிய எரிமலைக் குழம்பும் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. மற்றொரு விளக்கம் 1880-ஆம் ஆண்டளவில் ஆங்கிலேய விலங்கியல் அறிஞர் ஹக்ஸ்லி எழுப்பியது: வெப்ப நாடுகளின் ஆறுகளில் நன்னீர் நண்டுகளும் பெரிய இறால்களும் சிங்கி இறாலுக்கு உரிய இடத்தைப் பிடித்துக்கொண்டன என்பது அதன் சாரம். காவிரிப் படுகையைப் பார்த்தால் அது பொருத்தமாகவே தோன்றும். வரப்பில் வளை தோண்டுவது வயல் நண்டு, ஆற்றடியில் மேய்வது ஆற்று இறால், சிங்கி இறாலுக்கு மிச்சமாக வேலை ஏதும் இல்லை. இருந்தாலும் நியூகினியிலும் மடகாஸ்கரிலும் நண்டும் சிங்கி இறாலும் ஒரே நாட்டில் வாழ்வதால், இந்த விளக்கம் தனித்து நிற்காது என்பது என் கருத்து. மாணவர்களிடம் இரண்டையும் சொல்லுங்கள். முடிவான விடையாக எதையும் எழுதிப்போட வேண்டாம்.

மறுமொழி: மன்னார்குடி தாளடி

ஐயா எழுதியது மிகவும் பயனுள்ளதாக இருக்கிறது. நான் விவசாயி. இதில் எனக்கு வேறொரு கவலை இருப்பதால் கேட்கிறேன். சீனாவில் நெல் வயலிலேயே இந்தச் சிங்கி இறாலை வளர்த்துப் பெரும் வருமானம் பார்க்கிறார்கள் என்று சொல்லி, எங்கள் பகுதியில் ஒருவர் குஞ்சு தருவதாகப் பேசிக்கொண்டிருக்கிறார். குறுவைக்கும் தாளடிக்கும் இடையில் நிலம் சும்மா கிடக்கும் நாட்களில் வளர்க்கலாம் என்பது அவர் சொல்லும் யோசனை. இருக்கிற வயல் நண்டுக்கே ஒவ்வொரு நடவிலும் வளையை மிதித்து அடைத்து, வரப்பை அண்டை வெட்டிச் சேறு பூசி மாளவில்லை. நட்ட பயிரின் தூரை நறுக்கிப்போடுவதும், கட்டிய தண்ணீர் இரவோடு இரவாக வடிகாலுக்குப் போய்விடுவதும் எங்களுக்குப் பழகிய துன்பம். இதுவும் வளை தோண்டும் இனம்தானா?

மறுமொழி: நாகை ஆய்வு மாணவி

விவசாயி ஐயாவுக்கு வணக்கம். நன்னீர் ஓட்டுயிரிகளைப் பற்றி ஆய்வு செய்து வருகிறேன். தயவுசெய்து அந்தக் குஞ்சுகளை வாங்க வேண்டாம்.

சீனாவில் வளர்க்கப்படுவது அமெரிக்காவின் லூசியானா பகுதியைச் சேர்ந்த செந்நிறச் சிங்கி இறால். இன்று ஆண்டுக்கு 20 லட்சம் டன்னுக்கும் மேல் அங்கே விளைகிறது என்பது உண்மைதான். ஆனால் அது அங்கே வந்த வழியையும் பார்க்க வேண்டும். 1927-இல் தவளைப் பண்ணைக்குத் தீனியாக ஒரு சிறு கூட்டம் ஜப்பானுக்குக் கொண்டுவரப்பட்டது; சில ஆண்டுகளில் அங்கிருந்து சீனாவுக்குச் சென்றது; இப்போது அதை இரு நாட்டு நீர்நிலைகளிலிருந்தும் யாராலும் அகற்ற முடியவில்லை. நீங்கள் கேட்டதற்கு நேரான விடை: ஆம், வளை தோண்டும். தண்ணீர் வற்றினால் களிமண்ணுக்குள் ஆழமாக இறங்கி, அடுத்த தண்ணீர் வரும் வரை ஈரத்தில் உயிரோடு இருக்கும். மேட்டூர் திறந்தால் தண்ணீர், மூடினால் வறட்சி என்று இருக்கும் நம் வாய்க்கால்கள் அதற்கு ஏற்ற இடம். 1970-களில் ஸ்பெயினின் குவாதல்கிவிர் ஆற்றுச் சதுப்பு நெல்வயல்களில் இதே இனத்தை வருமானத்துக்காகவே விட்டார்கள். வரப்பும் வாய்க்கால் கரையும் சல்லடையாயின, நாற்றுகள் கடிபட்டன, அங்கிருந்து ஐபீரியத் தீபகற்பத்தின் பெரும்பகுதிக்கும் அது பரவிவிட்டது. கென்யாவின் நைவாஷா ஏரியில் 1970-இல் விடப்பட்ட பின், ஏரிக்குள் இருந்த நீர்த்தாவரங்களும் நீல அல்லியும் பெருமளவு அழிந்தன.

நோயும் ஒரு காரணம். அமெரிக்கச் சிங்கி இறால்கள் ஒரு நீர்ப்பூஞ்சை வகை நோயைத் தம் உடலில் சுமந்துகொண்டு, தாம் சாகாமல் பிறவற்றைக் கொல்லும். 1859-இல் இத்தாலியில் தலைகாட்டிய அந்த நோய் ஐரோப்பாவின் சொந்தச் சிங்கி இறால்களை ஆறு ஆறாக அழித்தது. நண்டுகளுக்கும் அது தொற்றக்கூடியது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் கடலோர இறால் பண்ணைகளை வாட்டும் வெண்புள்ளி நோய்க் கிருமியையும் சிங்கி இறால் தாங்கி நிற்கும். வெளிநாட்டு நீர்வாழ் உயிரினங்களை வளர்ப்புக்குக் கொண்டுவர மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்பதால், குஞ்சு தருவதாகச் சொல்பவரிடம் அந்த அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள்.

மறுமொழி: குடமுருட்டி

சிறிய கூடுதல் செய்தி. நான் பல ஆண்டுகளாக வண்ணமீன் வளர்ப்பவன். கடைகளில் நீல லாப்ஸ்டர் என்ற பெயரில் விற்கப்படுபவை பெரும்பாலும் இந்தச் சிங்கி இறால்களே. தொட்டியில் வளர்ப்பவர்கள் பலர், அது மற்ற மீன்களைப் பிடித்துத் தின்னத் தொடங்கியதும் மனம் பொறுக்காமல் கோயில் குளத்திலோ வாய்க்காலிலோ விட்டுவிடுகிறார்கள். உயிரைக் கொல்லக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் செய்வதுதான் இது. ஆனால் குளம் நிரம்பி வழியும் நாளில் அது வடிகால் வழியே ஆற்றுக்கே போய்ச் சேரும்.

வளர்ப்பவர்கள் அனைவரும் அறிய வேண்டிய ஓர் இனம் பளிங்குச் சிங்கி இறால். 1990-களில் ஜெர்மனியின் மீன் தொட்டிகளில்தான் அது முதலில் கவனத்துக்கு வந்தது. அதில் ஆணே கிடையாது. பெண் தனியாகவே முட்டையிட்டுத் தன்னைப் போன்ற பெண்களையே பெருக்கும். ஆகையால் ஒரே ஓர் உயிர் தப்பினாலும் ஒரு கூட்டம் உருவாகிவிடும். மடகாஸ்கரில் 2000-களில் நுழைந்து, நெல் வயல்கள் வழியாகத் தீவின் பெரும்பகுதிக்குப் பரவி, அந்நாட்டுக்கே உரிய ஏழு இனங்களின் வாழிடத்தை நெருங்கியிருக்கிறது. யாராவது உங்களுக்கு ஒற்றைச் சிங்கி இறால் கொடுத்து, ஒன்றுதானே, பெருகாது என்று சொன்னால் நம்பாதீர்கள்.

மீண்டும் கேள்வியாளர்: வெட்டாற்றங்கரை ஆசிரியை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கொள்ளிடத்து ஐயாவிடம் விடுபட்ட ஒரு கேள்வியை மட்டும் நினைவூட்டுகிறேன். புதிய இனங்களைக் கண்டுபிடிப்பது எப்படி நடக்கிறது? பள்ளி மாணவர்கள் இந்தப் படுகையில் செய்யக்கூடிய பதிவு வேலை ஏதேனும் உண்டா?

மறுமொழி: கொள்ளிடத்துக்காரன்

நண்பர்கள் இடையில் எழுதியவை நான் சொல்ல நினைத்ததைவிடத் தெளிவாக உள்ளன. கண்டுபிடிப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

புதிய இனம் என்றதும் யாரும் கால் வைக்காத காட்டை நினைக்கிறோம். ஆனால் டென்னசியில் உள்ள ஷோல் கிரீக் என்னும் ஓடை, விலங்கியலாளர்கள் பல தலைமுறைகளாக அலசிய ஓடை. அங்கே சுற்றுவட்டாரத்து இனங்களைவிட இருமடங்கு பெரிதான ஒரு சிங்கி இறால், மயிர் அடர்ந்த உணர்கொம்புகளோடு, நீர் ஆழமான இடத்தில் பெரும் பாறைகளின் அடியில் மறைந்திருந்தது 2010-ஆம் ஆண்டளவில்தான் அறிவியலுக்குத் தெரியவந்தது. சிறு கற்களைப் புரட்டியவர்கள் யாரும் அந்தப் பெரும் பாறையைப் புரட்டவில்லை, அவ்வளவுதான். இன்னும் சில இனங்கள் ஓடையிலேயே இருப்பதில்லை. ஈரப் புல்வெளியின் அடியில் நிலத்தடி நீர் வரை வளை தோண்டி, வளையின் வாசலில் மண்ணுருண்டைகளைப் புகைபோக்கி போல அடுக்கிவிட்டு வாழ்கின்றன. வளையைத் தோண்டிப் பார்க்கும் பொறுமை உள்ளவர்க்கே அவை கிடைக்கும்.

மூன்றாவது வழி வருத்தத்துக்குரியது. மேற்கு பப்புவாவைச் சேர்ந்த, ஊதாவும் வெண்மையும் கலந்த ஓர் அழகிய சிங்கி இறால், அலங்கார மீன் வணிகத்தில் உலகமெங்கும் விற்பனையாகிக்கொண்டிருந்தது. அதற்கு முறையான பெயர் கிடைத்தது 2015-இல்தான். பெயர் வைப்பதற்கு முன்பே விலை வைத்துவிட்டார்கள். எங்கே எத்தனை உள்ளன என்று அறியாமலேயே பிடித்து விற்கப்படும் இனம் எத்தனை நாள் தாங்கும் என்பதை மாணவர்களே யோசிக்கட்டும். உலகின் சிங்கி இறால் இனங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அழியும் ஆபத்தில் உள்ளதாக 2015-இல் வெளிவந்த மதிப்பீடு தெரிவித்தது. அண்மைக் காலத்தில் மரபணு ஒப்பீடு வந்த பிறகு, ஒரே இனம் என்று எண்ணியிருந்தவை இரண்டு, மூன்றாகப் பிரிவதும் நடக்கிறது. அடுத்தடுத்த ஆறுகளில் தனித்துப் போன கூட்டங்கள் தோற்றத்தில் மாறாமலேயே உள்ளுக்குள் வேறாகிவிட்டிருக்கும்.

நம் பகுதிக்கு இதில் பாடம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்றுக் கழிமுகத்து அலையாத்திப் பகுதியிலிருந்து ஒரு புதிய நண்டு இனம் விவரிக்கப்பட்டு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரையே பெற்றது. பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அமைந்த ஊரிலேயே அந்த நண்டு இத்தனை காலம் பெயரின்றி வாழ்ந்திருக்கிறது. சிங்கி இறால் கிடைக்காத காவிரிப் படுகையில் நண்டும் இறாலும் முழுமையாகப் பதிவாகிவிட்டன என்று யாரும் எண்ண வேண்டாம்.

மாணவர்கள் செய்யத்தக்கதைச் சொல்கிறேன். ஒரே வாய்க்காலின் மூன்று இடங்களை, தலைமதகு அருகில், நடு வயலில், வடிகால் ஆற்றில் சேரும் இடத்தில் என்று தேர்ந்துகொண்டு, தண்ணீர் வரும்போதும் வடியும்போதும் கிடைக்கும் நண்டு, இறால் ஒவ்வொன்றையும் மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படமெடுத்து, இடம், தேதி, நீரின் ஆழம், ஆணா பெண்ணா என்பவற்றை ஒரே பதிவேட்டில் எழுதி வரட்டும். வயிற்று மடிப்பில் குஞ்சு சுமக்கும் பெண் நண்டைப் படமெடுத்த உடனே எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். வயல் நண்டும் சிங்கி இறாலைப் போலவே குஞ்சைச் சுமந்து வளர்ப்பது என்பதை அவர்கள் கண்ணாலேயே பார்ப்பார்கள். முன் மூன்று இணைக் கால்களிலும் கொடுக்கு இருந்து, முதல் இணை பெருத்துத் தடித்திருக்கும் ஏதேனும் வலையில் வந்தால் அதைத் திரும்ப நீரில் விட வேண்டாம். படமெடுத்து, 95 விழுக்காடு எத்தனாலில் மூழ்கும்படி கண்ணாடிப் புட்டியில் இட்டு, பென்சிலால் எழுதிய சீட்டையும் உள்ளேயே போட்டு, நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கோ சென்னையில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்துக்கோ தெரிவியுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும் என்பதால் பென்சில் கட்டாயம்.